சூழ்நிலைக் கைதி

மன்னிப்புக் கேட்காமலே மன்னிப்பு வாங்கிக்கொள்ள தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது. 'சூழ்நிலைக் கைதி'. ராத்திரியோடு ராத்திரியாகக் கட்சி மாறிய எம்.எல்.ஏ. சொல்வார். தங்கையின் பங்கையும் சேர்த்துத் தன் பேரில் பத்திரம் பதிந்துகொண்ட அண்ணன் சொல்வார். சினிமாவில் ஹீரோவைக் காட்டிக்கொடுத்த நண்பன், கடைசி ரீலில் குண்டடிபட்டு ஹீரோ மடியிலேயே சாயும்போது சொல்வான். நாமும் இளகிப்போய், "பாவம், அவரும்தான் என்ன பண்ணுவார்?" என்று விட்டுவிடுவோம்.

இந்தச் சொல்லுக்கு விஞ்ஞான முத்திரை குத்தித் தருகிற இடம் ஒன்று இருக்கிறது. கல்லூரியில் சைக்காலஜி முதல் வருடப் பாடம்.

சைக்காலஜியில் சேர்ந்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ நான் இப்ப மனசுல என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்!" பாவம், அந்தப் பிள்ளைகள் முதலில் படிப்பது நரம்பு செல், விழித்திரை, பாவ்லோவின் நாய், ஸ்கின்னரின் எலி. மனசு எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

1875-ல் ஹார்வர்டில் இந்தப் பாடத்தை ஆரம்பித்தவர் வில்லியம் ஜேம்ஸ். தான் வாழ்க்கையில் கேட்ட முதல் சைக்காலஜி வகுப்பே தான் எடுத்ததுதான் என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டவர். 1890-ல் இரண்டு பெரிய வால்யூம்களாகப் புத்தகம் எழுதினார். மாணவர்களுக்காக 1892-ல் அதைச் சுருக்கிக் கொடுத்தார். பெரிய புத்தகத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஜேம்ஸ்', சின்னதுக்கு 'ஜிம்மி'. இன்றைக்கு முதல் வருட மாணவர்கள் சுமக்கும் தலையணை சைஸ் புத்தகங்கள் எல்லாம் அந்த ஜிம்மியின் பேரப் பிள்ளைகள்.

அந்தப் புத்தகங்களில், பெரும்பாலும் கடைசிப் பக்கமாக, 'சமூக உளவியல்' என்று ஒரு அத்தியாயம் வரும். அது வந்ததும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அதில் வரும் பரிசோதனைகளில் மூன்றைச் சொல்கிறேன். மூன்றுக்கும் நம் பாட்டிகள் எப்போதோ தலைப்புக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் தலைப்பு, 'கூட்டத்தோடு கோவிந்தா'. 1950-களில் சாலமன் ஆஷ் என்பவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கோட்டைக் காட்டினார். பக்கத்தில் மூன்று கோடுகள். இதில் எது அந்தக் கோட்டின் நீளம்? எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால், அறையில் இருக்கும் மற்ற எல்லோரும் ஆஷ் செட்டப் செய்த ஆட்கள். ஒருவர் மாற்றி ஒருவர் ஒரே தப்பான பதிலைச் சொல்கிறார்கள். கடைசியில் நம் ஆள் முறை. கண்ணுக்கு எதிரே கோடு இருக்கிறது. இருந்தும், இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களில் சொல்லப்பட்ட பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கூட்டம் சொன்ன அதே தப்பு!

இரண்டாவது, 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்'. 1961-ம் வருடம், யேல் பல்கலைக்கழகம். ஸ்டான்லி மில்கிராம் என்ற இளம் பேராசிரியர், ஞாபகசக்தி பற்றிய ஆராய்ச்சிக்கு ஆள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் கொடுக்கிறார். சம்பளம் நாலு டாலர், பஸ் காசு ஐம்பது சென்ட். வந்தவர் 'ஆசிரியர்'. அடுத்த அறையில் கட்டிப்போடப்பட்டிருப்பவர் 'மாணவர்'. மாணவர் தப்பாகச் சொன்னால் ஆசிரியர் ஷாக் கொடுக்க வேண்டும். மொத்தம் 30 சுவிட்ச். 15 வோல்ட்டில் ஆரம்பித்து 450 வரை. உண்மையில் மின்சாரமும் கிடையாது, மாணவரும் செட்டப். 300 வோல்ட்டில் சுவரை உதைக்கும் சத்தம் கேட்கிறது. அதற்கப்புறம் பதிலே இல்லை. தயங்கினால், சாம்பல் கோட்டு போட்ட ஒருவர் நிதானமாக "தொடருங்கள்" என்கிறார். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அவ்வளவுதான்.

எத்தனை பேர் கடைசி சுவிட்ச் வரை போவார்கள்? மனநல மருத்துவர்களிடம் கேட்டபோது, ஆயிரத்தில் ஒருவர் போனால் அதிகம் என்றார்கள். போனது 40-ல் 26 பேர். வியர்த்து, நடுங்கி, உதட்டைக் கடித்து... ஆனால், போனார்கள். அதே வருடம்தான் ஜெருசலேம் கோர்ட்டில் நாஜி அதிகாரி ஐக்மன், மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, 'பத்தோடு பதினொண்ணு, அத்தோடு நான் ஒண்ணு'. 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் வீட்டு வாசலருகே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று பத்திரிகை எழுதியது. அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்பதும், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடி வந்து கிட்டியைக் கைகளில் ஏந்திக்கொண்டார் என்பதும் பின்னாளில் தெரியவந்தன. ஆனால், அந்தச் செய்தியைப் படித்து ஜான் டார்லி, பிப் லட்டானே இருவரும் செய்த பரிசோதனை நிற்கிறது. தனித்தனி அறைகளில் இருந்தபடி மைக்கில் பேசிக்கொள்கிறார்கள். ஒருவருக்குத் திடீரென்று வலிப்பு வருகிறது (ரெக்கார்டு செய்த குரல்தான்). கேட்பது தான் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 100-க்கு 85 பேர், வலிப்பு அடங்குவதற்குள் உதவிக்குக் கிளம்பினார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 பேர்தான். மற்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. 'இந்நேரம் யாராவது போயிருப்பாங்க' என்று நினைத்தவர்கள்.

1973-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிரின்ஸ்டனில் பாதிரியார் பயிற்சிக்குப் படிக்கும் மாணவர்கள். அடுத்த கட்டடத்துக்குப் போய்ப் பிரசங்கம் செய்ய வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய 'நல்ல சமாரியன்' கதை. போகிற வழியில் ஒருவன் இருமிக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவிகிதம் உதவினார்கள். லேட்டாகிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவிகிதம். பைபிள் கதை என்ன தலைப்பு என்பது பெரிதாகப் பலன் தரவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேச ஓடியவர்களே, கிடந்தவனைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள்!

*

ஆக, குணமாவது, வளர்ப்பாவது! பக்கத்தில் எத்தனை பேர், கடிகாரம் என்ன சொல்கிறது, கோட்டு போட்டவர் என்ன சொல்கிறார்... இவைதான் நம்மை ஆட்டுவிக்கின்றன. சூழ்நிலைக் கைதி என்பது சயின்ஸ்தானே? அப்புறம் யாரைத்தான் குற்றவாளி என்பது?

இந்தக் கேள்வி ஒருமுறை நிஜக் கோர்ட்டுக்கே போனது. 2004-ல் ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளைச் சித்திரவதை செய்த போட்டோக்கள் உலகத்தையே உலுக்கின. வழக்கில் ஒரு சிப்பாய்க்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவர் பேராசிரியர் பிலிப் ஜிம்பார்டோ. 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் 24 மாணவர்களை வைத்துப் போலிச் சிறை நடத்தியவர். காவலர் வேஷம் கட்டியவர்கள் கைதி வேஷக்காரர்களைப் பாடாய்ப் படுத்த, இரண்டு வாரம் நடக்க வேண்டிய பரிசோதனை ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. "இவர் கெட்டவர் இல்லை, சூழ்நிலை அப்படி" என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். கோர்ட் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு எட்டு வருடம் தண்டனை கொடுத்தது.

இரண்டு பின்குறிப்புகள். ஒன்று, அந்த ஸ்டான்ஃபோர்டு 'சூழ்நிலை' தானாக முளைத்ததில்லை. இன்னும் கறாராக இருக்கும்படி ஒரு காவலரை ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்தவரே தூண்டுவது பழைய டேப்பில் பதிவாகியிருந்தது, 2018-ல் வெளியே வந்தது. இரண்டு, அபு கிரைப் எப்படி வெளியே வந்தது? ஜோ டார்பி என்ற சிப்பாய் அந்தப் படங்கள் இருந்த சி.டி-யை ராணுவப் புலனாய்வாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அதே கம்பெனி, அதே யூனிஃபார்ம், அதே பாலைவன வெயில். அவர் கொடுத்த விலை, சொந்த ஊரிலேயே பகை. திரும்பிப் போய்க் குடியிருக்க முடியவில்லை.

டார்பி என்ற ஒரு ஆள் இருந்துவிட்டாலே, 'வேறு வழியே இல்லை' என்ற வாதம் படுத்துவிடுகிறது. மில்கிராம் கதையிலும் அப்படித்தான். 26 பேர் போனார்கள் என்பதையே எல்லோரும் சொல்கிறார்கள். 14 பேர் எழுந்து நின்று "முடியாது" என்றார்களே, அவர்களை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? சூழ்நிலை ஒரு சறுக்குப் பாறை. தள்ளும், இழுக்கும். ஆனால், விழுந்தே தீரவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். மறுத்தால் அந்த 26 பேருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. பணம், வந்ததற்காகத்தான், என்ன நடந்தாலும் அது உங்களுடையது என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. வேலை போகாது, ஜெயில் கிடையாது. முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதர் முகத்துக்கு நேரே "நீங்க சொல்றது தப்பு சார்" என்று சொல்ல வேண்டும். அந்தக் கூச்சம், அதுதான் விலை. பிள்ளைகுட்டிக்காரர் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால், அதை என்னால் புரிந்துகொள்ள முடியும். ஆனால், நாம் பயம் என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு நிஜப் பயம், எவ்வளவு வெறும் சங்கோஜம் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

*

சரி, இதையெல்லாம் படித்த மாணவர்கள் திருந்தினார்களா?

1975-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிஸ்பெட், போர்கிடா இருவரும் இதைச் சோதித்தார்கள். வலிப்புப் பரிசோதனையை விளக்கிச் சொல்லி, பெரும்பாலானோர் உதவவில்லை என்ற முடிவையும் மாணவர்களுக்குச் சொன்னார்கள். பிறகு, அதில் கலந்துகொண்டவர்கள் என்று சொல்லி இரண்டு பேரின் சாதாரணப் பேட்டியைக் காட்டினார்கள். பார்க்க நல்ல மாதிரி ஆட்கள். "இவங்க உதவியிருப்பாங்களா?" "கண்டிப்பா உதவியிருப்பாங்க சார்!" முடிவைத் தெரிந்துகொண்ட மாணவர்களும் தெரியாதவர்களும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதாவது, படித்தது பரீட்சை பேப்பரோடு சரி. மனிதர்கள் சூழ்நிலைக்குப் பணிவார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், எனக்குத் தெரிந்த நல்லவர்கள் பணியமாட்டார்கள், நானும்தான்! இந்தப் பாடத்தை யாராலும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் சைக்காலஜி புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடலாம். ஆனால், 1978-ல் பீமன் என்பவரும் நண்பர்களும் வேறு மாதிரி பார்த்தார்கள். ஒரு பகுதி மாணவர்களுக்கு, கூட்டத்தில் ஏன் யாரும் உதவுவதில்லை என்பது பற்றி வகுப்பு. மற்றவர்களுக்கு அது இல்லை. இரண்டு வாரம் கழித்து, வேறு ஏதோ வேலையாகப் போகும் வழியில் ஒருவர் சரிந்து கிடக்கிறார். கூட வருகிறவரோ (இவரும் செட்டப்!) கண்டுகொள்ளாமல் போகிறார். வகுப்பைக் கேட்காதவர்களில் 25 சதவிகிதம் நின்று உதவினார்கள். கேட்டவர்களில் 43 சதவிகிதம்.

ஒரே ஒரு வகுப்பு! பாதிப் பேர்கூட இல்லைதான். ஆனால், பகவத் கீதையும் பைபிளும் குர்ஆனும் ஆயிரமாயிரம் வருடமாக மல்லுக்கட்டும் இடத்தில், ஒரு மணி நேர லெக்சருக்கு இது மோசமான மார்க் இல்லை.

மேலே கேட்ட கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'சூழ்நிலை என்னை ஆட்டுவிக்கும்' என்பதைக் காரியம் முடிந்த பிறகு சொன்னால் சாக்கு. காரியத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டால் எச்சரிக்கை. பள்ளம் இருக்கிறது என்று போர்டு வைத்த பிறகும் அதில் போய் விழுந்தால், பழியைப் பள்ளத்தின் மேல் போட முடியுமா? படித்தால் பொறுப்புக் குறையும் என்று நினைத்தோம். படித்ததால் பொறுப்புக் கூடிவிடுகிறது.

"அப்போ படிக்காதவங்க தப்பிச்சுக்கலாமா?" என்று கேட்பீர்கள். மூன்று பரிசோதனைக்கும் பழமொழியிலேயே தலைப்புக் கிடைத்ததே, அப்புறம் யார்தான் படிக்காதவர்?

*

1977-ல் லீ ராஸ் என்ற உளவியலாளர் மனிதர்களின் ஒரு அடிப்படைத் தவறுக்குப் பெயர் வைத்தார். மற்றவர் செய்வதற்கெல்லாம் அவர் குணம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம், சூழ்நிலையைக் கணக்கில் எடுப்பதில்லை. சொந்த விஷயத்திலோ தலைகீழ். ஆபீஸுக்கு நாம் லேட் என்றால் டிராஃபிக். பக்கத்து சீட்காரர் லேட் என்றால் சோம்பேறி. நம் பிள்ளை ஃபெயிலானால் கேள்வித்தாள் கஷ்டம். அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால், "அது எங்கங்க படிக்குது?"

எனக்குத் தெரிந்து இந்தப் பாடத்தின் ஒழுக்க சாரம், இந்தக் கண்ணாடியைத் திருப்பிப் போட்டுக்கொள்வதுதான். அடுத்தவர் தப்பு செய்தால் முதலில் சூழ்நிலையைப் பார். நீ தப்பு செய்தால் முதலில் உன்னைப் பார். அடுத்தவருடைய சூழ்நிலையைப் பார்ப்பது என்றால் அவரை விட்டுவிடுவது என்று அர்த்தமில்லை. எட்டு வருடம் கொடுத்த கோர்ட்டும் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தது. புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு. ஆனால், அவன் பிறவி ராட்சசன் என்று கதை கட்டிவிட்டால் நமக்கு ஒரு சௌகரியம் வந்துவிடுகிறது: நாம் ராட்சசன் இல்லையே, நமக்கு இது நடக்காது என்று நிம்மதியாகத் தூங்கலாம். அந்தத் தூக்கம்தான் ஆபத்து.

நம் ஊர் ராகிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் ஒரு மருத்துவ மாணவரின் உயிரையே ராகிங் பறித்த பிறகு, 1997-ல் தமிழ்நாட்டில் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. ராகிங் செய்பவர்கள் எல்லோரும் வில்லன்களாகவா பிறந்தார்கள்? "எங்களையும் பண்ணாங்க, நாங்களும் பண்றோம்" என்பவன் ஒருவன். "சீனியர் சொன்னாரு" என்பவன் ஒருவன். கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்த பத்துப் பேர் ஒன்றுமே செய்யவில்லை. அந்த ஜூனியருக்கோ அந்தப் பத்துச் சிரிப்புதான் சூழ்நிலை.

இங்கேதான் அந்தப் பாடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் வருகிறது. சூழ்நிலை சூழ்நிலை என்கிறோமே, அது என்ன? மழையா, வெயிலா? பெரும்பாலும் மனிதர்கள்தான். எனக்குச் சூழ்நிலை நீங்கள். உங்களுக்குச் சூழ்நிலை நான்.

ஆஷ் இன்னொரு விதமாகவும் செய்து பார்த்தார். பொய் சொல்லும் கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்ல வைத்தார். அவ்வளவுதான், நம் ஆள் கூட்டத்தோடு போவது தடாலடியாகக் குறைந்துவிட்டது. மில்கிராமும் செய்தார். கூட இரண்டு 'ஆசிரியர்'களை உட்கார வைத்து, பாதியில் அவர்களை எழுந்து போகச் செய்தார். அப்போது கடைசி சுவிட்ச் வரை போனவர்கள் 40-ல் நாலே பேர். 26 எங்கே, 4 எங்கே! மிச்சப் பேர் ராத்திரியோடு ராத்திரி மகாத்மா ஆகிவிடவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒருவர் "வேண்டாம்" என்றார், அவ்வளவே.

சட்டமும் சூழ்நிலைதான், அதை மாற்றவும் முடியும். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் நம் ஊரில் நிஜமாகவே இருந்தது. 2016-ல் சுப்ரீம் கோர்ட் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளை உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134-ஏ என்று தனிப் பிரிவே வந்தது. நல்லெண்ணத்தோடு உதவுபவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாக்கும் போச்சு.

மனிதர்கள் மேல் நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். 2019-ல் மூன்று நாட்டு நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில், சுற்றி நின்றவர்களில் ஒருவராவது உள்ளே புகுந்து தடுத்திருக்கிறார். அந்த ஒருவர் எப்போதும் இருக்கிறார். அவர் நாமாக இருப்பதில்லை, அதுதான் பிரச்னை.

முதல் வருட மாணவர்களுக்குச் சொல்லித்தரும் சின்னத் தந்திரம் ஒன்று. விபத்து நடந்த இடத்தில் கூட்டத்தைப் பார்த்து "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்தாதீர்கள். அந்த 'யாராவது' என்பவர் உலகத்தில் கிடையாது. ஒருவரைக் கையை நீட்டிக் காட்டுங்கள். "அண்ணே, நீல சட்டை, நீங்கதான்... 108-க்கு போன் போடுங்க!" பத்தோடு பதினொன்றாக நின்றவர் அந்த நொடியில் ஒற்றை ஆளாகிவிடுவார். கை போனுக்குப் போய்விடும்.

யாரும் கை நீட்டாவிட்டால்? நம் சட்டை என்ன கலர் என்று நாமே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.